முழங்கால் உயரத்தில் ஒரு குழாய்

வத்துகெம்பாரில் வீட்டு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முளைக்கத் தொடங்கியது மைதான விபத்து நடந்து ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில். அன்று சந்தையில் மிளகாய் விலை ஏறியிருந்தது, முட்டை விலை அப்படியே இருந்தது. முதல் குழாய் கால்பந்துச் சங்கத் தலைவர் பாக் ஹர்சோயோவின் வீட்டு முன்வாசலில் முளைத்தது. இரண்டு அங்குலக் குழாய், பச்சைப் பெயிண்ட், இந்த நிலையிலிருந்து அந்த நிலை வரை, சரியாக முழங்கால் உயரம். காப்பிக் கோப்பையோடு வெளியே வந்த தலைவர் அதில் தடுக்கி, செருப்பு ஒரு பக்கம் கோப்பை ஒரு பக்கமாக விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கும்போதே குழாயைப் பார்த்தார்கள். அந்தக் குழாயை ஊரில் தெரியாதவர் இல்லை. மைதானத்தின் நாலாம் கேட்டில் குறுக்கே கிடந்த குழாய் அது. அங்கே அது அப்படியே இருந்தது, இங்கேயும் இருந்தது.

நாலாம் கேட்டு வகிஜானுடையது. பட்டா போட்டு அவருடையது இல்லை; ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அதன் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. அதற்கு முன்னால் சர்க்கரை ஆலையில் கரும்புக்கட்டு சுமந்தவர். தோள் இறங்கிப்போன பிறகு ஆலைக்காரர்கள் மைதானத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் கருங்கரும்பு அணி ஆடும் நாளிலெல்லாம் எண்பதாவது நிமிஷம் ஆனதும் வகிஜான் அந்தக் கேட்டைத் திறந்துவிடுவார். டிக்கெட் எடுக்க வழியில்லாமல் வெளியே நின்று கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சனம் கடைசிப் பத்து நிமிஷத்தை ஓசியில் பார்க்கும். அது சட்டத்தில் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் அதை மறுத்த ஆளும் கிடையாது. ஆலையிலிருந்து சாயங்கால ஷிப்டு முடிந்து வருகிறவன் அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் ஓடிவருவான். பையன்கள் மோட்டார் சைக்கிளோடு உள்ளே நுழைந்து படிக்கட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனதால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கம் அந்த வழிக்குக் குறுக்கே குழாயை ஒட்டவைத்தது. வண்டி நின்றது. ஆள் காலைத் தூக்கித் தாண்டி வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டாயிரம் பேர் கொள்ளும் மைதானத்துக்குப் பதிமூவாயிரம் டிக்கெட் விற்றிருந்தது. மற்ற மூன்று கேட்டும் பூட்டு. எண்பதாவது நிமிஷம் வகிஜான் வழக்கம்போலத் திறந்தார், வெளியே நின்ற சனம் வழக்கம்போல உள்ளே பாய்ந்தது. அதே நேரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூரையில்லாத படிக்கட்டிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் திறந்திருந்த ஒரே கேட்டை நோக்கி இறங்கினார்கள். உள்ளே வருகிறவன் ஒரு காலைத் தூக்க, வெளியே போகிறவன் ஒரு காலைத் தூக்க, இரண்டு பேரும் குழாய் மேலே சந்தித்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. மழை ஐந்து நிமிஷத்தில் விட்டது. பத்தொன்பது பேர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விசாரணைக் குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் பாக் ஹர்சோயோவே. முதல் அறிக்கை மழையின் மேல் தப்பு என்றது. மழையைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது என்று மாவட்டத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது அறிக்கை, இறந்தவர்கள் ஒழுங்காக வரிசையில் வரவில்லை என்றது. அதை வாசித்தவர் சந்தைக்குள் நுழைய முடியாதபடி பெண்கள் அழுகின தக்காளியோடு காத்திருந்தார்கள். மூன்றாவது அறிக்கையில் ஒரே ஒரு பெயர் இருந்தது: கேட்டைத் திறந்த வகிஜான். போலீஸ் வழக்குப் போட்டது. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், தீர்ப்பு பாதகமானால் ஏழு வருஷம் உள்ளே என்றார்கள். வகிஜானுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஏழு வருஷத்தைக் கூட்டிப் பார்த்தார், பிறகு கூட்டுவதை விட்டுவிட்டார்.

மூன்றாம் அறிக்கை வந்த மறுநாள்தான் குழாய் முளைத்தது. அதற்கு அடுத்த நாள் நோன்பு மாதம் பிறந்தது. நோன்பு மாதம் பாதி போவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு வாசல்களில் குழாய் நின்றது. டிக்கெட் செயலாளர் இஸ்மாங்குன் வீட்டில் ஒன்று. மைதானத்தைப் பார்க்காமலே நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட பொறியாளர் வீட்டில் ஒன்று. போலீஸ் அதிகாரிக்குக் குடியிருப்பில் ஒன்று, ஜீப்பில் ஒன்று. இடம் நிறைய இருக்கிறது, எல்லாரும் வாருங்கள் என்று மத்தியானம் முழுக்க ஒலிபரப்பிய வானொலிக்காரருக்கு ஒன்று. மிச்சம் பெரும்பாலும் அன்றைக்குப் பின்னாலிருந்து தள்ளினவர்களுக்கு. எங்கள் ஊர் சனம் எதற்கும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் ஈரத்துணி காயப்போட்டார்கள், சேவலைக் கட்டினார்கள், விருந்தாளி வந்தால் "வாங்க, காலைத் தூக்குங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள்.

குழாயை அறுப்பதற்கு எல்லாரும் கூப்பிட்டது வெல்டர் பொனிரானை. நாலாம் கேட்டுக் குழாயை ஒட்டினவன் அவன்தான் என்பதால் அவன் பட்டறை வாசலிலும் ஒன்று இருந்தது. பகலில் அறுத்துப் போடுவான். அறுத்த துண்டைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோவான். விடிந்தால் வேறொன்று நிற்கும். பொனிரான் குனிந்து, முனையில் விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வகிஜானிடம் வந்து சொன்னான்.

"காங், நான் பதினெட்டு வருஷமா ஒட்டறேன். ஒட்டுன இடத்துல தழும்பு இருக்கும். இதுல தழும்பே இல்ல. மரத்துல கிளை மாதிரி வந்திருக்கு. துருவும் ஏறல. இந்த மாதிரி வேலை செய்யறவன் மட்டும் என் கண்ணுல பட்டா, கால்ல விழுந்து தொழில் கத்துக்குவேன்."

வகிஜான் வீட்டு வாசலில் மட்டும் குழாய் இல்லை. அவர் மனைவி துமிராவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. ஒரு நாளைக்கு மூன்று தடவை வாசலைப் பெருக்கினாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "உள்ள வந்துட்டுப் போங்களேன், எங்க வீட்ல காலைத் தூக்க வேண்டியதே இல்ல" என்றாள். குழாய் வந்ததெல்லாம் தப்புச் செய்தவன் வீடு, வராதது தப்புச் செய்யாதவன் வீடு, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, இனி என்ன வழக்கு என்று ஸ்டேஷன் வாசலிலேயே நின்று கேட்டாள்.

பாக் ஹர்சோயோ அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்பு இருபதாம் நாள் பத்திரிகையில் அவர் பேச்சு வந்தது. குழாய் என்பது மேலே இருப்பவன் போட்டுக்கொடுத்த காவல். ஊருக்கு உழைத்த வீடுகளுக்கு அவனே அனுப்பிய மரியாதை. மைதானத்தோடு சம்பந்தப்பட்டவர்களில் அந்த மரியாதை கிடைக்காதவன் ஒருவன்தான், அவன் யார் என்று ஊருக்குத் தெரியும். பேச்சு வந்த மறுநாளிலிருந்து பொனிரானுக்கு வேலை கூடிப்போனது. குழாய் வராத பணக்கார வீடுகளெல்லாம் ஆளனுப்பி, தங்களுக்கும் ஒன்று ஒட்டித் தரச் சொன்னார்கள். சிலர் பளபளவென்று எவர்சில்வரில் கேட்டார்கள். துமிரா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் புருஷன் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாக்னே, நம்ம பொனிரான்கிட்ட சொல்லி ஒண்ணு ஒட்டிக்கலாம். ஒரு குழாய்தானே. அவன் நமக்குன்னா சும்மாவே செஞ்சு தருவான்."

"போன வாரம் வரைக்கும் இல்லேன்னு பீத்திக்கிட்டு இருந்தே, புக்னே."

"போன வாரம் இல்லாதது மரியாதை. இந்த வாரம் இருக்கறது மரியாதை. நானா மாத்துனேன்? பேப்பர்ல போட்டிருக்கான்."

வகிஜான் ஒட்டிக்கொள்ளவில்லை. அவர் மனசில் கிடந்தது வேறு. தினமும் விடியலில் நோன்புக்கு எழுந்ததும் முதல் காரியமாக வாசலுக்குப் போய் இருட்டில் முழங்காலை முன்னால் நீட்டிப் பார்ப்பார். ஒன்றும் தட்டாது. கேட்டைத் திறந்தது இந்தக் கைதானே, என்று யோசிப்பார். பின்னாலிருந்து தள்ளினவனுக்கே வந்திருக்கிறது. எனக்கு ஏன் வரவில்லை? தன்னை ஒரு கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிட்டார்களோ என்று இருந்தது. கரும்பு சுமந்த காலத்தில் பேர்ப்பட்டியலில் விட்டுப்போனால் வருமே ஒரு சங்கடம், அது மாதிரி.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளும், இறந்தவர்களின் நாற்பதாம் நாளும் ஒரே நாளில் வந்தன. பெருநாளன்று எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது முறை. பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, வெளியில் தெரிந்ததும் உள்ளே மறைந்ததுமான என் பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான். கேட்கிறவரும் அதையே திருப்பிச் சொல்வார், பிறகு பலகாரத்தட்டு வரும். இத்தனை பேர் இத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகு எந்தக் குழாய் நிற்கும் என்று ஊரே நம்பியது. பத்தொன்பது வீட்டு வாசலிலும் வரிசை நின்றது. பாக் ஹர்சோயோ புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, பத்தொன்பது வீட்டிலும் மண்டியிட்டு, அந்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். மறுநாள் விடிந்ததும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ஆட்கள் வேகமாக வெளியே வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் தடுக்கி விழுந்தார்கள். முன்வாசல் குழாய் அப்படியே நிற்க, சமையல்கட்டு வாசலிலும் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

பொனிரானுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே ரொகாயாவின் வீட்டுக்குப் போனான். ரொகாயாவின் மகன் ஜுமாதி, மைதானத்தில் ஐஸ் சர்பத் விற்றவன், இருபத்திரண்டு வயது, பத்தொன்பது பேரில் ஒருவன். ரொகாயா வாசலில் உட்கார்ந்து, நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பொனிரான் மறுபடியும் மண்டியிட்டு மறுபடியும் அதே வாக்கியத்தை ஆரம்பித்தான். அவள் கரித்துணியைத் தூக்கி எறிந்தாள்.

"நேத்துலேர்ந்து இருநூறு பேர் இதையே சொல்லிட்டுப் போயாச்சு. எந்தப் பிழைன்னு ஒருத்தன் சொன்னானா? கடைக்குப் போயி 'சாமான் குடுங்க'ன்னா என்ன சாமான்னு கேப்பாங்கல்ல? எதைன்னு சொல்லாம மன்னிச்சிடுன்னா நான் எதைய்யா மன்னிக்கறது?"

பொனிரான் கரித்துணியை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு அவன் வாயிலிருந்து அதுவாகவே வந்தது. "குழாயை முழங்கால் உயரத்துல வைக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும், யூ ரொகாயா. கூட்டம் வந்தா தட்டிவிடும்னு வைக்கும்போதே நெனச்சேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னாங்க. நானும் வாயை மூடிக்கிட்டு ஒட்டிட்டேன். ஜுமாதி அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னான். எனக்கு சர்பத் குடுத்தான்." ரொகாயா அவனை வெகுநேரம் பார்த்தாள். "சர்க்கரை தூக்கலாப் போட்டிருப்பானே," என்றாள். "ஆமா," என்றான். "அவன் எப்பவும் அப்படித்தான், லாபமே நிக்காது," என்று சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்க் காப்பி போட்டாள். பொனிரான் வீட்டுக்குத் திரும்பி, பட்டறை வாசலில் பழக்கப்படி வீங்கின காலைத் தூக்கித் தாண்டினான். தாண்டின பிறகுதான் தாண்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

அவன் ஓடிவந்து இதைச் சொன்னதும் துமிராவுக்குப் பொறி தட்டியது. விபத்து நடந்த மூன்று நாளுக்குள் வகிஜான் பத்தொன்பது வீட்டுக்கும் நடந்தே போய் வந்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: "நான்தான் திறந்தேன். உள்ள வர்றவங்களைப் பாத்துத் திறந்தேன். வெளிய ஓடி வர்றவங்களைத் திரும்பிப் பாக்கல." ஒரு வீட்டில் அறைந்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ரொகாயா கரண்டியை வீசினாள். அது படாமல் போனதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. மழையில் நனைந்த புருஷன் காய்ச்சலோடு வந்து படுத்தபோது துமிரா அதற்காகத் திட்டக்கூடச் செய்தாள். "அதான்! குழாய் வர்றதுக்கு முன்னாடியே நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க!" என்றாள் இப்போது. வகிஜான் தலையை ஆட்டினார். அடுத்த நாள் முதல் விடியலில் முழங்காலை நீட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஊர் கிளம்பியது. பத்தொன்பது வீட்டிலும் சனம் வந்து தன் தன் பிழையைச் சொன்னது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். நான் ஒரே டிக்கெட்டில் நாலு மச்சினன்களை நுழைத்தேன். ஒலிபெருக்கி கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வானொலிக்காரர் பழக்கத்தில் ஒலிபரப்புக் குரலிலேயே சொல்லத் தொடங்கி, வீட்டுக்காரர்கள் "மெதுவாச் சொல்லுங்க, இங்கதானே இருக்கோம்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. காப்பி போட்டு மாளாமல், காலை ஒன்பதுக்குமேல், வெள்ளிக்கிழமை கிடையாது என்று பத்தொன்பது வீட்டாரும் பேசி நேரம் வைத்தார்கள். அழுதவர்கள் உண்டு, கதவைச் சாத்தினவர்கள் உண்டு, மன்னிக்கவே மாட்டேன் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன வீட்டிலிருந்து திரும்பினவர்களுக்கும் குழாய் போயிருந்தது. அது சொன்னதற்குத்தான் கணக்கு வைத்தது, கிடைத்ததற்கு இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஊரில் குழாய் மிச்சமிருந்த வீடு இரண்டு: பாக் ஹர்சோயோவுடையது ஒன்று, நீதிபதியுடையது இன்னொன்று. எவர்சில்வர் குழாய்க்காரர்கள் தங்களுடையதைத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள்.

ஆனால் வழக்கு என்பது குழாய் மாதிரி இல்லை, அதற்குக் காகிதம் வேண்டும். காகிதத்தில் வகிஜான் பெயர்தான் இருந்தது. தீர்ப்புக்கு முந்தின விசாரணை நாளன்று துமிரா ஒரு துணிமூட்டை கட்டி வைத்தாள்: இரண்டு கைலி, ஒரு போர்வை, வறுத்த வேர்க்கடலை. வகிஜான் கூண்டில் ஏறினதும் அரசு வக்கீல், கேட்டைத் திறந்தது யார் என்று கேட்டார். "நான்தான்," என்றார் வகிஜான். அரசு வக்கீல் இதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார். அப்போது பத்தொன்பது வீட்டாரும் பின்வரிசையில் எழுந்து நின்றார்கள். ரொகாயாதான் பேசினாள். "அய்யா, இதை இவர் எங்ககிட்ட மூணாம் நாளே சொல்லிட்டார். எங்களுக்குத் தெரிஞ்சதையே நீங்க ஏன் மறுபடியும் கேக்கறீங்க? தெரியாததைக் கேளுங்க. மத்த மூணு கேட்டு சாவி எங்க இருந்துச்சு?"

பாக் ஹர்சோயோ சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டார். சாவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் இறங்க வேண்டிய வழியில் முழங்கால் உயரத்தில் பச்சைக் குழாய் ஒன்று குறுக்கே நின்றது. டிக்கெட் எண்ணிக்கை என் பார்வைக்கு வரவில்லை என்றார். இடுப்பு உயரத்தில் இன்னொன்று. குழாய் வைக்கச் சொன்னது நானில்லை என்றார். மார்பு உயரத்தில் மூன்றாவது. ஏழு கேள்விக்கு ஏழு குழாய் ஆகி, கடைசிக் குழாய் அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. நீதிபதி பொனிரானைக் கூப்பிட்டனுப்பினார். பொனிரான் வந்து, ஒன்றை அறுத்தான். அறுத்து முடிப்பதற்குள் பின்னாலேயே முளைத்தது. "இது என் மெஷினுக்கு அடங்காது, அய்யா," என்று பிளேடைக் கழற்றி வைத்தான். மத்தியானம் ஆகிவிட்டது. கோர்ட்டைக் கலைக்க முடியாது, சாட்சி உள்ளே இருக்கிறார். துமிரா வாழையிலைப் பொட்டலத்தில் சோறும் பொரித்த சோயாக்கட்டியும் வாங்கிவந்து, வகிஜானுக்குக் கொடுத்தாள். வகிஜான் அதில் பாதியைப் பிரித்துக் குழாய் இடுக்கு வழியாக உள்ளே நீட்டினார்.

"சாப்பிடுங்க பாக். வெறும் வயித்தோட எவ்வளவு நேரம் பொய் சொல்லுவீங்க."

கோர்ட்டு சிரித்தது. ஹர்சோயோ சிரிக்கவில்லை. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அழைப்பு வந்தபோது, யாரும் கேள்வி கேட்காமலே வாயைத் திறந்தார். "மூணு சாவியும் என் சட்டைப் பையில இருந்துச்சு. அந்தக் கேட்டுங்களைத் திறந்தா அந்தப் பக்கமும் ஓசியில பூந்துடுவாங்கன்னு நானே பூட்டினேன். சத்தம் கேட்டதும் பையைத் தொட்டுப் பாத்தேன். மேடையை விட்டு எறங்கி ஓடியிருந்தா ரெண்டு நிமிஷம். எறங்கல. பயந்துட்டேன்." தலைக்கு மேலிருந்த குழாய் போயிற்று. மற்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக முழங்கால் குழாய் போனதும் அவர் கூண்டிலிருந்து இறங்கி, பத்தொன்பது வீட்டார் முன்னால் போய், வாக்கியம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார். ரொகாயா, "இங்க இல்ல. நாளைக்கு ஒன்பதுக்கு மேல வீட்டுக்கு வாங்க. எல்லார் வீட்டுக்கும் தனித்தனியா," என்றாள்.

தீர்ப்பு நாளன்று நீதிபதி முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைய ஆட்டத்துக்கு இலவசச் சீட்டில் பதினோரு சொந்தக்காரர்களைத் தான் உள்ளே அனுப்பியதாகவும், அதற்கான குழாய் தன் வீட்டு வாசலில் நாலு மாதமாக நிற்பதாகவும் சொல்லிவிட்டு, பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வகிஜானுக்கு விடுதலை. ஹர்சோயோவுக்கு மூன்று வருஷம். அவர் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து, இப்போது ஆலைப்பக்கம் விதைக்கடை வைத்திருக்கிறார், நல்ல விதை. துமிரா மூட்டையைக் கோர்ட்டு வாசலிலேயே அவிழ்த்து, வேர்க்கடலையைப் பத்தொன்பது வீட்டாருக்கும் பங்கு வைத்தாள்.

மைதானத்துக்கு இப்போது எட்டு வழி, எல்லாம் வெளிப்பக்கம் திறப்பது, ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. ஓசிப் பத்து நிமிஷத்தை எடுத்துவிடலாமா என்று சங்கம் கேட்டதற்கு, பத்தொன்பது வீட்டாரும் கூடாது, அதைப் பாதி ஆட்டமாக்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வழிகளைப் பார்த்துக்கொள்ள யாரை வைப்பது என்ற பேச்சு வந்தபோது அவர்கள் சொன்ன பெயர் வகிஜான். அவர் இரண்டு நாள் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். ஆட்டம் நடக்கும்போது அவர் புல்லைப் பார்ப்பதே இல்லை, ஆட்களைத்தான் பார்ப்பார். கோல் விழுந்தால் பக்கத்திலிருப்பவர் சொல்ல வேண்டும்.

குழாய் வருவது நிற்கவில்லை. பள்ளிக்கூடக் கூரை ஒழுகினபோது ஒப்பந்தக்காரர் வீட்டில் வந்தது. பாலம் விரிசல் விட்டபோது நாலு வீட்டில் வந்தது, பாலம் இடிவதற்கு முன்னாலேயே வந்ததால் யாருக்கும் அடிபடவில்லை. போன வருஷம் சுரபாயாவிலிருந்து மாற்றலாகி வந்த புதுப் போலீஸ் அதிகாரி, பதவியேற்ற மூன்றாம் வாரம் காலையில் வாசலில் தடுக்கி விழுந்தார். எழுந்து, தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த வகிஜானைக் கைதட்டிக் கூப்பிட்டு, இது என்ன அக்கிரமம், எந்தப் பயல் செய்த வேலை, யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டார். வகிஜான் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"காப்பி குடிச்சாச்சா, பாக்?"

"இன்னும் இல்ல."

"குடிச்சிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடுங்க. ஒன்பதுக்கு மேலன்னா எல்லார் வீட்லயும் இருப்பாங்க."

"யார் வீட்டுக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும், பாக்?" என்று சொல்லிவிட்டு வகிஜான் பெடலை மிதித்தார். அன்றைக்கு ஆட்டம் இருந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தபடி நின்றார், பிறகு உள்ளே போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.